மடிப்பில் போன மூன்று வரி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணி கேட்பார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நம் பாப்பா விசிலுக்குச் சளி விட்டதா? ஒரு வயது முடிந்தும் அவள் மூச்சு விடுவது பக்கத்து வீடு வரை கேட்கிறதா?

பஸ் ஏற்றிவிடும்போது, "போன்ல நீ சொல்ற 'ம்'ம வெச்சு எனக்கு ஒண்ணும் புரியல. மாசம் ஒரு லெட்டர் போடு. எழுத்துலதான் நீ வாயத் திறக்கற" என்று சொன்னீர்கள். அதனால் திறக்கிறேன்.

நான் வேலை செய்வது இரண்டு அறைகள். ஒன்றில் சிடி ஸ்கேன் மெஷின். நீங்கள் மொட்டை மாடியில் ஏற்றுகிற தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து, நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு கட்டிலை நீட்டியது மாதிரி இருக்கும். குழந்தைகள் பயப்படாமல் இருக்கச் சுவரெல்லாம் மீன் வரைந்திருக்கிறார்கள். நேற்று வந்த பையன் மெஷினைப் பார்த்து அழவில்லை, மீனைப் பார்த்துத்தான் அழுதான். இன்னொரு அறையில், தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நான். குழந்தையைப் படுக்க வைப்பது, அளவு வைப்பது, படம் எடுப்பது வரை என் வேலை. படத்தைப் படித்து என்ன நோய் என்று சொல்வது டாக்டரம்மாவின் வேலை.

போன வாரம் ஒன்று நடந்தது. ஒரு குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சீட்டு வந்தது. அவன் அம்மா பையைக் குடைந்து ஒரு பழைய ஸ்கேன் கவரை வெளியே எடுத்தார். வேறு ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்த அதே படம். சீட்டு எழுதியவருக்கு அது தெரியவில்லை. நான் டாக்டரம்மாவின் கதவுக்கு வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் அவரே கதவைத் திறந்து, "என்னம்மா, கதவுக்குக் காவலா?" என்றார். சொன்னேன். பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவே போதும், அந்தப் பிள்ளையை அனுப்பிவிடு" என்றார். அப்புறம் எல்லார் முன்னாலும், "இவள் கேட்டது சரி" என்றார். அண்ணா, எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

குழந்தைகள் உடம்பு வளர்கிற உடம்பு. கதிர் அவர்களை நம்மைவிட அதிகமாகப் பாதிக்கும். அதனால் தேவையில்லாமல் ஒரு குழந்தைக்கும் சிடி எடுக்கக்கூடாது, யார் எழுதிக் கொடுத்தாலும் ஒருமுறை கேட்க வேண்டும். எங்கள் வேலையின் முதல் பாடம் இது.

ஆனால் இது பாதிப் பாடம்தான். மறுபாதி இதைவிட முக்கியம். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 3

மூஞ்சூறுக்கு அண்ணன் எழுதறது.

எழுத்துப்பிழைய எண்ணாத. ஒன்பதாம் கிளாஸோட பென்சில வெச்சுட்டு பைப்பு ரெஞ்ச எடுத்தவன் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

போஸ்ட்மேன் தெருமுனையிலயே சத்தம் போட்டாரு, "ஸ்கேன் வீட்டுக்கு லெட்டர்!" நம்ம வீட்டுக்கு இப்ப அதான் பேரு. உன் லெட்டர ஹார்டுவேர் கடைக்கு எடுத்துட்டுப் போய் சத்தமாப் படிச்சேன். டாக்டரயே நிறுத்திக் கேட்டிருக்கா பாருங்கன்னேன். கடைக்காரர் பைப்பு எல்போவ எண்ணிட்டிருந்தவரு நிமிந்து பாத்து, "எது, உன் பின்னாடி ஒளிஞ்சுட்டு நிக்குமே, அந்தப் பொண்ணா? அதுக்கு வாய் இருக்கா?"ன்னாரு. "இருக்குண்ணே, ஆஸ்பத்திரில வெச்சிருக்கா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்புறம் ஒரு வேல பண்ணேன், நீ திட்டுவ. அத லேமினேஷன் பண்ணிட்டேன். நீ எழுதின பேப்பர் ரொம்ப நீளம், கவர்ல அடங்காது, கீழ வெட்டட்டுமான்னான் ஜெராக்ஸ் கடைக்காரன். என் தங்கச்சி எழுத்த வெட்டறதாவது! அடியில மூணு வரிய உள்ள மடிச்சுக் குடுத்துட்டேன். இப்ப டூல்ஸ் பையிலயே கிடக்கு. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

விசில் நல்லா இருக்கா. மூச்ச இழுக்கும்போது கர்ர், விடும்போது சன்னமா ஒரு விசில். நான் கேட்டத் தொறக்கும்போதே அவ கூடத்துல இருக்காளா அடுப்படியில இருக்காளான்னு சொல்லிடுவேன். அண்ணிக்குத்தான் இதுல சிரிப்பு வர்றதில்ல. கொழந்த எது குடுத்தாலும் கூழாக் குழைச்சாதான் முழுங்கறான்னு புலம்பறா. பல்லு வந்தா சரியாயிடும்.

சாப்பிடு. வாயத் தொற.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

லேமினேஷனா! நான் என்ன கல்யாணப் பத்திரிகையா எழுதினேன்? இனிமேல் எழுதும்போது உங்கள் டூல்ஸ் பையை நினைத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கும்.

விசிலின் சளி ஏன் இன்னும் போகவில்லை? குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். அண்ணி சொல்வதைக் கொஞ்சம் காதில் வாங்குங்கள்.

இந்த மாதம் எனக்குப் புதுப் படம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகளின் நெஞ்சிலுள்ள ரத்தக்குழாய்களையும் மூச்சுக்குழாயையும் ஒரே தடவையில் எடுக்கிற படம். கை நரம்பிலோ கால் நரம்பிலோ ஒரு மருந்து போகும். அது இருக்கிற இடமெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மருந்து இதயத்துக்குள் வந்து பெரிய குழாயில் ஏறுகிற அந்த நொடியில் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் குழாய் காலி, பின்னால் எடுத்தால் மருந்து கலைந்துவிடும். நீங்கள் மாடியில் வால்வைத் திறந்துவிட்டு, கீழே குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைக் காதை வைத்துச் சொல்வீர்களே, அதே கணக்கு. எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் அந்த நொடியில் குழந்தை அசையக்கூடாது. சின்னக் குழந்தைகளைப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தூங்கும் நேரமாகப் பார்த்து எடுக்கிறோம். எங்கள் அறையில் நல்ல ஆயுதம் தாலாட்டுதான். சீனியர் அக்காவுக்குக் குரல் நன்றாக இருக்கும். எனக்கு வராது, நான் விரலால் நெற்றியைத் தடவுவேன்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எலும்பு, சதை எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மூச்சுக்குழாயை மட்டும் தனியாக நிறுத்திக் காட்டினார். இலை உதிர்ந்த மரம் ஒன்று தலைகீழாகத் தொங்குவது மாதிரி இருந்தது. அதைச் சுற்றி ரத்தக்குழாய்கள். எது எதன்மேல் சாய்கிறது, எங்கே நெரிக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். உங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

ஒன்றுதான் கஷ்டம். படம் வந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் புரிந்துவிடும். ஆனால் நாங்கள் சொல்லக்கூடாது. தப்பாகச் சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே ஆடிப்போகும். அப்பா அம்மா கண்ணாடி வழியாக எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளப் பழகச் சொல்கிறார்கள். சீனியர் அக்கா, "உனக்கு அது பிறவியிலேயே வருது" என்கிறார்.

உங்கள் தங்கை


மே 19

மூஞ்சூறுக்கு,

ரெண்டு மாசமா எழுதல, கோவிச்சுக்காத. அஞ்சு மாடிக் கட்டடம் ஒண்ணு, முழு பைப்பு வேலையும் நம்ம கைக்கு வந்திருக்கு. காலைல போனா இருட்டினதும்தான் வீடு.

உனக்கு ஒரு சேதி சொல்லணும்னு இருந்தேன். நீ சொன்னியேன்னு மார்ச் மாசமே விசிலக் கொழந்த டாக்டர்கிட்ட காட்டினோம். நல்ல மனுஷன்தான். ரொம்ப நேரம் காத வெச்சுக் கேட்டாரு, சாதா எக்ஸ்ரே எடுத்தாரு. அப்புறம் ஒரு சீட்டு எழுதி, "பெரிய ஆஸ்பத்திரில சிடி எடுத்துட்டு வாங்க, நெஞ்சுல ரத்தக்குழாய் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்"ன்னாரு. ஒரு வயசுக் கொழந்தைக்கு சிடி! நான் விடுவனா? டூல்ஸ் பையிலேருந்து உன் லெட்டர எடுத்து மேசைமேல வெச்சேன். "தேவையில்லாம எடுக்கக்கூடாது சார், யார் எழுதினாலும் கேக்கணும், என் தங்கச்சி அந்த மெஷின்லயே வேல பாக்கறா"ன்னேன். படிச்சுப் பாத்தாரு. "உங்க தங்கச்சி சொல்றது சரிதான், ஆனா இது தேவை"ன்னாரு. "பாத்து முடிவு பண்றோம் சார்"னு சொல்லிட்டுக் கௌம்பி வந்துட்டேன். எப்படி உன் அண்ணன்?

போன வாரம் ஒரு பிஸ்கட் துண்டு தொண்டைல நின்னுபோச்சு. உதடு நீலமாயிடுச்சு. அண்ணி தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினா, வெளிய வந்துடுச்சு. இப்ப ஒண்ணும் இல்ல, நல்லா வெளையாடறா. தூங்கும்போது மட்டும் தலைய வில்லு மாதிரி பின்னால வளைச்சுட்டு வேடிக்கையாத் தூங்குவா. போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

அண்ணன்


மே 23

அண்ணா,

நேற்று போனில் உங்களிடம் கத்திவிட்டேன். பிறந்து இருபத்துநாலு வருடத்தில் முதல் தடவை. நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். இன்று மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணியிடம் பேசினேன், அவர்கள் அழுதார்கள். எழுத்தில்தான் எனக்கு வாய் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம், வெளியே விடும்போதும் சத்தம். கெட்டியாக எது கொடுத்தாலும் இறங்குவதில்லை. தூங்கும்போது தலையைப் பின்னால் வளைத்துக்கொள்கிறாள். அது வேடிக்கை இல்லை அண்ணா. அப்படி வளைத்தால்தான் அவளுக்கு மூச்சு வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்து யார் சொன்னாலும் எங்கள் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நேற்று சொன்னேன், எழுந்துவிட்டார். வெளியிலிருந்து ஏதோ ஒன்று மூச்சுக்குழாயை நெரிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார். உங்கள் டாக்டரும் அதைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். அவர் கேட்டது தேவையில்லாத படம் இல்லை. அந்தப் படம் எடுக்கத்தான் இந்த மெஷினே இருக்கிறது.

ஜனவரியில் மறுபாதியை அடுத்த கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னேன். எழுதவில்லை. மார்ச்சில் மரம் மாதிரி இருக்கிறது, வால்வு மாதிரி இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு அளந்தேனே தவிர, அது நினைவுக்கே வரவில்லை. இப்போது எழுதுகிறேன்: தேவைப்படுகிற குழந்தைக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். பயந்து தள்ளிப்போடுவதும் கதிரைப் போலவே கெடுதல். இவ்வளவுதான் மறுபாதி. எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை பாருங்கள்.

பத்து வாரம் போய்விட்டது. அந்தப் பத்து வாரமும் என் கணக்கில்தான். அவள் மூச்சுக்கு விசில் என்று பெயர் வைத்ததும் நான்தான். தினமும் இந்த அறையில் உட்கார்ந்து மூச்சுக்குழாய்களைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்தால் அதே சத்தத்தைக் கேட்டுச் சிரிக்கிறேன். எனக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

உடனே கிளம்பி வாருங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தால் இங்கே வந்து திட்டுங்கள்.

தங்கை


மே 29

நீ எழுதினதத்தான் நான் செஞ்சேன்.

நம்ம வீட்லயே படிச்சவ ஒருத்திதான். அவ எழுதினா அதுக்கு மேல ஒண்ணு இல்லன்னு நெனச்சேன். டாக்டர் முன்னால நெஞ்ச நிமித்திட்டு நின்னேன். இப்ப அது பாதிதான்னு சொல்ற. எந்தப் பாதிய நம்பி இனிமே நான் எதச் செய்யறது?

அண்ணி ஒரு வாரமா எங்கிட்டப் பேசல.

வெள்ளிக்கிழமை காலைல வர்றோம். சீட்டு தொலைஞ்சுடுச்சுன்னு நெனச்சேன், இருக்கு.

அண்ணன்


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமலே ஏறிவிட்டீர்கள். கை காட்டினேன். ஜன்னல் வழியாக விசில்தான் கை காட்டினாள்.

அன்று அந்த அறையில் என்னால் பேச முடியவில்லை. இப்போது டாக்டர்கள் உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டதால் நானும் சொல்லலாம்.

நானே எடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். சீனியர் அக்காவிடம் சொன்னேன். அவர், "நீயே எடு. உன்னவிடப் பாத்து அளவு வெக்க இங்க ஆள் இல்ல" என்றார். அவள் எடை எட்டு கிலோ. ஒன்றரை வயதுக்கு அது குறைவு. அந்த எட்டு கிலோவுக்கு எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வைத்தேன். நம்மைச் சுற்றி இயற்கையாக இருக்கிற கதிர் சில மாதங்களில் நம்மேல் எவ்வளவு படுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அவளுக்குப் பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு துளி இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூச்சு இப்படி இருக்கிற குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கவும் பயம், அழ விடவும் பயம். காலில் ஊசி குத்தியதும் அவள் வீறிட்டாள், அந்தச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. அண்ணி வெளியே போய்விட்டார்கள். நீங்கள் அந்தக் கனமான ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய நின்றீர்கள். திடீரென்று பாக்கெட்டில் கை விட்டு டெஃப்ளான் டேப்பை எடுத்தீர்களே! நர்ஸ் தடுக்க வந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வேண்டாம் என்று தலையாட்டினேன். நீங்கள் அந்த வெள்ளை டேப்பை அவள் முகத்துக்கு மேலே மெதுவாக, மெதுவாக உருவினீர்கள். குழாய் மரை சுற்றும்போது அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாளாமே, அண்ணி அப்புறம் சொன்னார்கள். அழுகை நின்றது. கண் அந்த டேப்போடு போனது. மருந்து இதயத்துக்குள் வருவது என் திரையில் தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன். டேப் ஒரு சாண் நீள்வதற்குள் முடிந்துவிட்டது.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குப் படம் புரிந்துவிட்டது அண்ணா. இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய் எல்லாருக்கும் ஒரே வளைவாகப் போய்க் கீழே இறங்கும். இவளுக்கு அது இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போய்ப் பின்னால் சேர்ந்திருந்தது. நடுவில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும், மோதிரத்துக்குள் மாட்டின விரல் மாதிரி. நெரிபட்ட இடத்தில் மூச்சுக்குழாய் ஒரு கோடுதான். அதைப் பார்த்துவிட்டு நான் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டேன். விதி அது. ஆனால் உங்களிடம் அப்படி முகத்தை வைத்துக்கொண்டதற்கு எனக்கு மன்னிப்பு உண்டா என்று தெரியவில்லை.

அறுவை டாக்டர் திரையில் திருப்பிக் காட்டியபோது நீங்கள், "டீ ஜாயிண்ட் போட்டு ரெண்டு லைனா எடுத்து மறுபடி சேத்திருக்கு சார். ரெண்டுலயும் தண்ணி ஓடுதா? சின்ன லைன வெட்டி ரெண்டு முனையும் அடைச்சிட்டா?" என்று கேட்டீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதேதான் செய்யப்போறேன்" என்றார். இத்தனை பேர் இருந்த அந்த அறையில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

"மார்ச்சிலேயே சீட்டு எழுதியிருக்கே, ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அவர் கேட்டதற்கு நான் சொன்னதுதான் உண்மை. நான்தான் வேண்டாம் என்கிற மாதிரி எழுதினேன், பாதியை எழுதிவிட்டு மீதியை எழுதாமல் விட்டேன். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

இருபத்தேழாம் தேதி அறுவை. நான் லீவு சொல்லிவிட்டேன். ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் நீங்கள் என்னிடம் பேசியதை விரல் விட்டு எண்ணலாம். "தண்ணி வேணுமா", "அண்ணிய வரச் சொல்லு", "தையல் காஞ்சிருச்சா." நான்தான் வீட்டில் ஊமை என்று நினைத்திருந்தேன்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் வராமல் போகலாம். இருந்தாலும் ஒன்றை முழுதாகச் சொல்லிவிட வேண்டும், இந்த முறை பாதியில் விடமாட்டேன். அவள் மூச்சில் இன்னும் சத்தம் கேட்கிறது என்று அண்ணி போனில் பயந்தார்கள். அறுவை தோற்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இத்தனை மாதம் நெரிபட்ட குழாய், அந்த இடத்தில் சுவர் தளர்ந்து போயிருக்கும். கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும், சில குழந்தைகளுக்கு ஒரு வருடம்கூட ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். ஆனால் உதடு நீலமானாலோ, காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். செப்டம்பரில் காட்ட வேண்டிய சீட்டு அண்ணியின் பச்சைப் பையில் இருக்கிறது.

இங்கே எல்லாம் பழையபடிதான். இப்போது படம் எடுக்க வருகிற ஒவ்வொரு அப்பா அம்மாவிடமும் இரண்டு பாதியையும் சொல்லிவிட்டுத்தான் மெஷின் அறைக்குள் கூட்டிப்போகிறேன். முதலில் குரல் எழும்பவில்லை. ஒரு அப்பா, "சத்தமா சொல்லும்மா, காது கேக்கல" என்றார். சத்தமாகச் சொன்னேன்.

உங்கள் கோபம் தீரும்வரை மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் போட்ட கட்டளைதானே.

தங்கை


அக்டோபர் 21

மூஞ்சூறுக்கு அண்ணன் எழுதறது.

ஜூன், ஆகஸ்டு, செப்டம்பர், உன் லெட்டர் மூணும் இருக்கு. ஒண்ணும் லேமினேஷன் பண்ணல.

எனக்கு உம்மேல கோவம்னு நெனச்சுட்டிருக்க. கோவம் இல்ல. உன் மூஞ்சில முழிக்க முடியல. ஏன்னு சொல்றேன். நாலு மாசமா சொல்லணும்னு எடுத்து எடுத்து வெச்சுட்டேன். பேனா புடிச்சா கை பைப்பு புடிச்ச மாதிரி வெறைக்குது.

ஜனவரில உன் லெட்டர மூணு தடவ படிச்சேன். அடியில நீ எழுதினதும் எனக்கு மனப்பாடம். இது பாதிதான், மறுபாதி இதவிட முக்கியம்னு எழுதியிருந்த. ஜெராக்ஸ் கடைல மடிச்சப்ப சத்தியமா மனசுல ஒண்ணும் இல்ல, பேப்பர் நீளம்னுதான் மடிச்சேன். ஆனா மார்ச்சுல, அந்தக் கொழந்த டாக்டர் மேசை முன்னால நின்னேன் பாரு, அப்ப எனக்கு அந்த மூணு வரி ஞாபகம் இருந்துச்சு. லெட்டர அவருகிட்ட நீட்டறேன், என் கட்டைவிரல் அந்த மடிப்பு மேலதான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டு, "மறுபாதி என்னம்மா?"ன்னு கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. நான் கேக்கல.

பயம். அவ்வளவுதான். அம்மாடி, இந்தக் கைக்குள்ள அடங்கற புள்ளயக் கொண்டுபோய் அந்த ஓட்டைக்குள்ள வெச்சு, உள்ள ஏதோ இருக்குன்னு அவங்க சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். பாக்காம இருந்தா ஒண்ணும் இல்லன்னு ஆயிடும்னு ஒரு நெனப்பு. உன் லெட்டர் எனக்கு ஒரு சாக்கு. படிச்ச தங்கச்சி சொன்னான்னு சொல்லிட்டா, பயந்தவன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல?

அந்த அறுவை டாக்டர் ஏன் லேட்டுன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீ எந்திரிச்சு நின்னு, "என் தப்பு சார், நான்தான் அப்படி எழுதினேன்"ன்னு சொன்ன. பத்து பேரு முன்னால. டீக்கடைல இன்னொரு வடை வேணும்னுகூடக் கேக்கத் தெரியாதவ. நான் பக்கத்துல உக்காந்துட்டு சும்மா இருந்தேன். அதுக்கப்புறம் எப்படி உங்கிட்டப் பேசுவேன்?

அன்னைக்கு கண்ணாடிக்குப் பின்னால உன் மூஞ்சியப் பாத்தேன். சின்ன வயசுல அப்பா ரேடியோவ நான் உடைச்சேன், நீ பாத்துட்ட. அவரு கேட்டப்ப இதே மூஞ்சியத்தான் வெச்சுட்டு நின்ன. ஒண்ணும் இல்லாத மூஞ்சி. ஏதோ இருக்குன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மன்னிப்பெல்லாம் கேட்டு எழுதாத. நீ அன்னைக்கும் இன்னைக்கும் எனக்காகத்தான் அந்த மூஞ்சிய வெச்சிருக்க.

அண்ணிகிட்ட போன வாரம் எல்லாம் சொல்லிட்டேன். மறுநாள், "உங்க தங்கச்சிக்கு எழுதிட்டீங்களா?"ன்னா. அதான் எழுதறேன்.

இதோட அந்த லெட்டர வெச்சிருக்கேன். பிளாஸ்டிக்க பிளேடால ஓரமா அறுத்துப் பிரிச்சேன். கொஞ்சம் கிழிஞ்சுடுச்சு, உன் எழுத்து மேல படல. மடிப்ப நிமித்தினேன், தழும்பு மாதிரி கோடு விழுந்திருக்கு. அடியில இன்னும் ரெண்டு விரக்கட எடம் இருக்கு. அதுல அந்த மறுபாதிய உன் கையால எழுதி அனுப்பு. மடிக்க மாட்டேன். அந்த அஞ்சு மாடிக் கட்டடத்துல பெயிண்ட் அடிக்கறவர் புள்ளைக்கும் ஏதோ படம் எடுக்கச் சொல்லியிருக்காங்களாம். எங்கிட்ட கேட்டாரு. முழுசா வந்ததும் காட்டறேன்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் டாக்டர்கிட்டயே போய் எதுக்குன்னு கேளுங்க, கேட்டுட்டு எடுங்கன்னேன். சரியாத்தான் சொன்னேனா?

செப்டம்பர்ல காட்டினோம். ஒம்பதரை கிலோ. இழுக்கும்போது இருந்த கர்ர் போயிடுச்சு. ஓடினா மட்டும் கொஞ்சம் கேக்குது. இப்பல்லாம் கேட்டத் தொறந்தா அவ எங்க இருக்கான்னே தெரியல, வீடெல்லாம் தேட வேண்டியிருக்கு. விசில்னு கூப்பிடறத விட்டுடலாமான்னு அண்ணிகிட்ட கேட்டேன். பேரு வெச்சவள வரச் சொல்லு, அவளே முடிவு பண்ணட்டும்னா.

நேத்து மத்தியானம் தூங்கிட்டிருந்தா. தலை நேரா இருந்துச்சு, வளைக்கல. பக்கத்துல உக்காந்திருந்தேன், ஒரு சத்தமும் இல்ல. மூச்சு வருதான்னு மூக்குக்குக் கீழ விரல வெச்சுப் பாத்தேன். முழிச்சுட்டா. முழிச்சவ விரலப் புடிச்சு ஒரு கடி கடிச்சா பாரு, அப்படி ஒரு கடி. இன்னும் பல்லுத் தடம் இருக்கு.

இப்ப கெட்டியா எது குடுத்தாலும் கடிச்சுத் திங்கறா.

உன் அண்ணன்